குதிரைக்காகத் தலை முழுகியது

உ
கழுகாசலமூர்த்தி துணை

கழுகு செய்த பூசனையையும் உவந்து ஏற்றுக் குன்றில் நிற்கும் குமரவேளே! குதிரை ஒன்றுக்காக அடியேன் சிந்திய கண்ணீரையும் ஏற்று, அதனால் இரண்டு குடும்பங்களில் விளைந்த கலகத்தைத் தீர்த்தருள்க.

கோவில்பட்டி
காளயுக்தி வருடம், மாசி 22, செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி மைத்துனர் பரமசிவன் அவர்களுக்கு, அத்தான் கருத்தையா அநேக ஆசீர்வாதம் கூறி எழுதிக்கொண்டது. 'இங்கு யாவரும் நலம்' என்று எழுதுவது முறை. உம்முடைய அக்காள் சங்கரம்மாளை நீர் பசுவந்தனையிலேயே நிறுத்திக்கொண்டதால், இங்கு யாவரும் என்பது நான் ஒருவனே. நலம் என்பது, மூன்று நாளாக என் கையால் நானே பொங்கி உண்ட பிறகும் உயிரோடு இருப்பது. 'சிரஞ்சீவி' என்ற சொல்லை நாற்பது வருடங்களாக உமக்கு எழுதி வருகிறேன். அதன் பொருளை நினைந்து, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதியது இன்றுதான்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் உமக்கு நேர்ந்தது அவமானம் என்பதை நான் மறுக்கவில்லை. உண்ட களைப்பில், ஈக்கு அஞ்சி, தலைமுதல் கால்வரை வேட்டியால் போர்த்திக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உறங்கிய ஒரு மனிதரைச் சுற்றி, தீப்பெட்டி ஆபீஸ் வேனில் வந்திறங்கிய ஒன்பது பெண்கள் மாலையும் கோடி வேட்டியுமாக அமர்ந்து ஒப்பாரி வைத்தால், அவர் எழுந்து உட்காரத்தான் செய்வார். எழுந்தவர் "யாரு செத்தது?" என்று கேட்கத்தான் செய்வார். அதற்கு உடன்பிறந்த அக்காளே "நீதாம்ல தம்பி" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தால், கேட்டவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்திலும் நீர் கோடி வேட்டியை விரல்களால் நிமிண்டிப் பார்த்து, "பதினோரு மாசமாப் பேசாத மனுசன், கடைசியில என்னைக் கொன்னே போட்டாரு. அதுக்கும் இந்தச் சல்லடைத் துணிதானா?" என்று கேட்டதாக வேன் ஓட்டும் வெயிலுமுத்து சொன்னான். துணியைப் பற்றிய உம் தீர்ப்பு நியாயமானது. அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் வாங்கியது அது.

நான் யாருக்காகத் தலை முழுகினேன் என்ற உண்மையைத் திங்கட்கிழமை வெயிலுமுத்துவிடமே சொல்லி அனுப்பினேன். நீர் அதற்கு, "குதிரைக்குத் தலை முழுகுறவன் இந்தப் பூமியில உண்டா? அதுவும் பொம்மைக் குதிரை! எழுத்துல எழுதித் தரச் சொல்லு. நான் நம்புத வரைக்கும் அக்கா இங்கனதான் இருப்பா" என்று மறுமொழி விடுத்தீர். ஆகவே எழுதுகிறேன். இதில் ஒரு சொல் பொய்யானால் கழுகாசலமூர்த்தி என்னைக் கேட்கட்டும்.

நம் தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் காமராஜ், புதிய தீப்பெட்டிக்குப் பெயரும் படமும் தேடும்போதெல்லாம் என்னிடம் வருவது நீர் அறிந்ததே. சென்ற வாரம் வந்து, "அண்ணாச்சி, புதுசா ஒரு மார்க்கு போடுதேன். கிளி, மயில், யானை எல்லாத்தையும் மத்தவன் போட்டுத் தீத்துட்டான். கொட்டகை வாசல்ல ஒரு குதிரையும் குருவியும் ஒட்டியிருக்கான், லெச்சணமா இருக்கு. ஆனா அது நல்ல குதிரையா, கெட்ட குதிரையா, கடைசியில என்ன ஆகுதுன்னு நீங்க பாத்துச் சொல்லணும். சிவகாசி அச்சாபீசுல லேபிளுக்குச் சொல்லி வச்சாச்சு" என்றான். சினிமாக் கொட்டகையின் வாசலை நான் மிதித்துப் பதினேழு வருடம் ஆயிற்று. எனினும் ஒருவனுடைய தொழிலுக்கு நல்வாக்குச் சொல்வது கடமை என்பதால், ஞாயிறு காலைக் காட்சிக்கு நீறணிந்து புறப்பட்டேன். லேபிள் ஒட்டும் பெண்கள் பன்னிரண்டு பேரையும் காமராஜ் வேனில் ஏற்றி வந்திருந்தான். "ஒட்டுறவிய அவியதானே, அவியளுக்கும் பிடிக்கணும்லா?" என்பது அவன் நியாயம்.

அது மனிதர் நடித்த படம் அன்று. ஒவ்வொரு அசைவையும் கையால் வரைந்து உயிர் கொடுத்த அயல்நாட்டுச் சித்திரப் படம். அந்நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் கதைப்புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது என்று நோட்டீசில் அச்சிட்டிருந்தார்கள். தொடங்கும்போது, பிள்ளை விளையாட்டில் நமக்கென்ன என்ற செருக்கோடு சாய்ந்து உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். மலையூர் ஒன்றில் பால்வண்டி இழுக்கும் கிழக்குதிரை. அதன் பிடரியில் குடியிருக்கும், சாம்பல் நிறத்தில் பெருவிரல் அளவே உள்ள ஒரு குருவி. விடியலில் வண்டி புறப்பட்டதும் குருவி பாடும். கல் பாவிய தெருவில் குதிரையின் நான்கு குளம்புகளும் அந்தப் பாட்டுக்குத் தாளம் போடும். மணி அடிக்கத் தேவையே இல்லை. பாட்டைக் கேட்டே ஊரார் பாத்திரங்களோடு வெளியே வருவார்கள். மழை வந்தால் குதிரை தன் காதை மடித்துக் குருவிக்குக் குடை பிடிக்கும். அந்தக் காதை வரைந்த கை எந்தத் தேசத்துக் கையானாலும், நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பாட்டின் பாஷை எனக்கு விளங்கவில்லை. ஆனால் தாலாட்டு தாலாட்டாகவே இருந்தது. துயரப் பாட்டு நம் முகாரிக்கு ஒன்றுவிட்ட தங்கை போலிருந்தது. பல காலம் பாராயணம் செய்த செவிக்கு இவ்வளவு போதாதா?

ஒரு சந்தை நாளில், முதுமையால் குதிரையின் கால் இடறுகிறது, தாளம் தப்புகிறது. குருவியோ, அத்தனை பேர் நடுவில், அந்த இடறலையே பாட்டாக்கிப் பாடிப் பரிகசிக்கிறது. சந்தையே சிரிக்கிறது. மறுநாள் முதல் குதிரை கல்லில் நடக்காமல், தெருவோரப் புல்லில் ஓசையின்றி நடக்கத் தொடங்கியது. அவ்வளவுதான் அதன் கோபம். தாளம் இல்லாமல் குருவிக்குப் பாட்டு வரவில்லை. நாணி எங்கோ பறந்து போயிற்று. பிறகு அந்நாட்டுப் பனி பெய்தது. "ஏட்டி, வானத்துலருந்து பருத்தி கொட்டுது பாரு! நம்ம காட்டுல எடுக்க ஆளில்ல, அங்கன மிதிச்சிக்கிட்டுப் போறான்!" என்றாள் லேபிள் ஒட்டும் பத்திரகாளி. அந்தப் பனியில் குதிரை அலைந்து தேடி, விறைத்துக் கிடந்த குருவியைப் பிடரிக்குள் பொதிந்துகொண்டு, ஊர் வந்து சேர்ந்து, லாயத்தின் வாசலில் விழுந்தது. குருவி விழித்து அதன் காதருகே பாடியது. குதிரை, படுத்தவாறே ஒரு குளம்பைத் தரையில் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காம் தட்டு வரவில்லை. குருவி பாட்டை நிறுத்திக் காத்திருந்தது. கொட்டகை முழுவதும் காத்திருந்தது. என் கை, என்னைக் கேளாமலே, நாற்காலிக் கட்டையில் அந்த நான்காம் தட்டைத் தட்டியது.

அதற்குள் பத்திரகாளி தலைவிரி கோலமாகி விட்டாள். "பால்வண்டி இழுத்த ராசா, பாதையிலே விட்டியே, பாட்டெடுத்த குருவிக்கொரு பதிலு சொல்லாப் போனியே" என்று அவள் எடுக்க, பதினோரு பேரும் மாரடித்தார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் திரையை விட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். கொட்டகை மேனேஜர் டார்ச் விளக்கோடு ஓடிவந்து, "என்னம்மா, யாருக்காச்சும் மேலுக்கு முடியலையா?" என்று பதறினார். "இங்கன எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். அங்கன குதிரைக்குத்தான் முடியல. போயி அதைப் பாருங்க!" என்றாள் பத்திரகாளி. காமராஜ் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "செத்த குதிரையை ஒட்டுனா குச்சி பத்துமா அண்ணாச்சி? அச்சாபீசை நிறுத்தச் சொல்லணும்" என்று கொட்டகை வாசலிலிருந்தே சிவகாசி பஸ் ஏறிவிட்டான். உண்மை அறிந்த ஒருவன் ஊரில் இல்லாமற்போனது இவ்விதமே. பெண்கள் அழுத முகத்தோடு அவரவர் வீடு சேர்ந்தார்கள்.

மைத்துனரே, ஓர் உயிர் பிரியக் கண்டு மனம் உருகி அழுதவன் தலை முழுகாமல் பூசை அறைக்குள் நுழையலாமா? அது சித்திரம்தானே என்று அறிவு சொல்லிற்று. கண்ணீர் மெய்தானே என்று நெஞ்சு சொல்லிற்று. காட்டில் சிறகிழந்து வீழ்ந்த கிழக்கழுகுக்கு இறைவனே மகனாக நின்று நீர்க்கடன் செய்த கதையை வருடந்தோறும் கோயிலில் சொல்லும் நான், நெஞ்சின் பக்கமே சாய்ந்தேன். வீட்டுக்குள் போகாமல் நேரே கிணற்றடிக்குச் சென்று, உடுத்த வேட்டியோடு மூன்று வாளி நீரைத் தலையில் ஊற்றினேன்.

மதிலுக்கு அப்பாலிருந்து பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, உச்சி வெயில்ல உடுத்துன துணியோட தலை முழுகுதீங்க? எங்கன இழவு?"

வாய் திறந்தால் விம்மல் வரும். அறுபத்தெட்டு வயதில், நெற்றி நிறைய நீறோடு, குதிரைப் படம் பார்த்து அழுதேன் என்பதை என் மனைவி அறிய வேண்டாம் என்று எண்ணி, விரலை உதட்டில் வைத்து, அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு, பூசை அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டேன். பாண்டியம்மாள் கணக்குப் போட்டாள்: மாமா தலை முழுகியிருக்கிறார், கண் சிவந்திருக்கிறது, அத்தைக்குத் தெரியக் கூடாது என்கிறார். அத்தையிடம் சொல்ல மாட்டாமல் மறைக்கும் சாவு எது? தம்பி சாவுதான்! கணக்கில் பிழையே இல்லை. போட்ட சரக்குத்தான் பிழை.

பூசை அறையில் நான் ஒரு நாழிகை மௌன செபத்தில் அமர்வதும், இடியே விழுந்தாலும் வாய் திறவாததும் நீர் அறிவீர். செபத்தின் நடுவில் தெருவில் ஒப்பாரி கேட்டது. பன்னிரண்டு பேரும் தெருவுக்குள் வந்தும் குதிரையை மறக்கவில்லையே, நம் பெண்களுக்கு எவ்வளவு ஈரநெஞ்சு என்று வியந்து, கண்களை இன்னும் இறுக மூடிக்கொண்டேன். செபம் முடித்து வெளியே வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. கத்தரிக்காய் பாதி நறுக்கியபடி கிடக்கிறது. வாசலில் எதிர்வீட்டு சண்முகராஜ் நின்றுகொண்டு, "என்ன வே, நீரு இன்னும் இங்கனயா இருக்கீரு? வேன் போயாச்சே. உம்ம மச்சினனை எப்ப எடுக்காவ?" என்றார்.

நன்றாகக் கவனியும், பரமசிவன். அந்தச் செய்தியை நான் நம்பினேன். அதைக் கிளப்பியவன் நானே என்பது தோன்றவே இல்லை. சங்கரம்மாளுக்கு ஆள் வந்து சொல்லியிருக்கிறார்கள், நான் செபத்தில் இருந்துவிட்டேன் என்றே எண்ணினேன். ஈர வேட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பசுவந்தனை பஸ் ஒன்றரை மணி நேரமாகியும் வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு நினைவு வந்ததெல்லாம் போன பங்குனி உத்திரம்தான். கழுகுமலைக்கு நடைபயணம் போன நாம், அடிவாரம் சேர்ந்த வேளை. நான் பாட, முப்பது வருடமாகச் செய்வதுபோல நீர் கைத்தாளம் போட்டுவந்தீர். இருபது கிலோமீட்டர் நடந்த களைப்பில் உம் தாளம் சற்றுத் தளர்ந்தது. நான் பாட்டை நிறுத்தி, அத்தனை பக்தர்கள் நடுவில், "இது தாளமா, நொண்டி மாடு இழுக்கும் வண்டியா?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. நீர் தாளத்தைத் துண்டில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டீர். பதினோரு மாதமாக நீர் கல்லில் நடக்கவில்லை, புல்லில் நடக்கிறீர்.

கொட்டகையில் குதிரைக்காக அழுதேன் என்று மேலே எழுதினேன். முழு உண்மை அதுவன்று. குருவியைப் பார்த்து அழுதேன். பஸ் ஸ்டாண்டில் அழுதது உமக்காக. அது கனமானது. குதிரைக்கு விட்ட கண்ணீரைத் துண்டால் துடைக்க முடிந்தது. இதற்குத் துண்டு போதவில்லை. அப்போதுதான் வேன் திரும்பி வந்து நின்றது. வெயிலுமுத்து தலையை நீட்டி, "அய்யா, சாவு இல்ல. செத்தவரே கம்பெடுத்து எங்களை வெரட்டிட்டாரு" என்றான். அந்த வேனைச் சுற்றி வந்து கும்பிட்டேன். டயரையும் தொட்டுக் கும்பிட்டதாக அவன் சொல்கிறான், எனக்கு நினைவில்லை.

ஆகவே, உம்மைப் பிணமாக்கியதற்கும், அதற்கு முன் ஊர் நடுவில் உயிரோடு நோகச் செய்ததற்கும் சேர்த்து, வயதில் மூத்த நான் உம்மிடம் மன்னிப்பு வேண்டுகிறேன். செத்ததாகப் பேச்சு எழுந்தவனுக்கு ஆயுள் கூடும் என்பது பெரியோர் வாக்கு. மேலும், தனக்கு வைக்கப்படும் ஒப்பாரியைத் தன் காதாலேயே கேட்கும் பேறு எவருக்குக் கிடைக்கும்? 'தாளம் போட்ட தங்கக் கை' என்று பாண்டியம்மாள் பாடினாளாம். நான் முப்பது வருடத்தில் ஒருமுறையும் சொல்லாதது அது. சங்கரம்மாளை அனுப்பி வையும். இன்று காலை நான் வைத்த சாதத்தைக் காக்கைக்கு இட்டேன்; ஒரு வாய் கொத்திவிட்டு, என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று. வரும் பங்குனி உத்திரத்துக்கு நீர் தாளத்தோடு வர வேண்டும். இம்முறை உம் கை போகும் வேகத்துக்கே என் பாட்டு வரும்.

உமக்கும், உம் மனைவி முப்பிடாதிக்கும், மக்களுக்கும், கன்று காலிகளுக்கும், காட்டில் வெடித்து நிற்கும் பருத்திக்கும் செண்பகவல்லி அம்மை குறைவின்றி அருள் புரிக. வானம் வேண்டும்போது பொழிக. பருத்தி எடுக்கும் மாதத்தில் மட்டும் பொறுத்திருக்க.

இப்படிக்கு
அத்தான்
கருத்தையா

பின்குறிப்பு: மாசி 23, புதன் மாலை. மேலே நான் கேட்ட மன்னிப்பில் பிணமாக்கிய பகுதியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உண்டுவிட்டுக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கலாம் என்றிருந்த வேளையில், பசுவந்தனையிலிருந்து ஒரு டிராக்டர் நிறையப் பெண்கள் என் வாசலில் வந்திறங்கி மாரடித்தார்கள். மாலை இருந்தது. கோடி வேட்டி இருந்தது. முன்னால் வந்தவள் சங்கரம்மாள். நான் கரிந்த சாதத்தைச் சுரண்டிய கரண்டியோடு வெளியே வந்து நின்றதைக் கண்டதும், "ஏன் இப்படி உயிரோட நின்னு என் உயிரை வாங்குதீங்க?" என்று கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உம் மனைவி முப்பிடாதி விவரம் சொன்னாள். "காலையில இவிய, 'கோவில்பட்டிக்குப் போயி அத்தானை ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாரேன்'னு கெளம்புனாவ அண்ணாச்சி. மத்தியானம் கண்ணெல்லாம் வீங்கித் திரும்பி வந்தாவ. யாருகிட்டயும் பேசல. நேரே கெணத்தடிக்குப் போயி உடுத்துன வேட்டியோட தலை முழுகிட்டு, உள்ள போயிக் கதவைச் சாத்திப் படுத்துட்டாவ. நாங்க என்னன்னு நெனைக்க?"

"குதிரைப் படம் பார்க்கப் போயிருப்பார் என்று தோன்றவில்லையா?" என்றேன்.

"நல்லாருக்கே! குதிரைக்குக் குளிச்சேன்னு நீங்க சொன்னது பச்சைப் பொய்யின்னு மூணு நாளாச் சண்டை போட்டவிய, அதே குதிரைக்குப் போயிக் குளிப்பாவளா? ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. குளிச்சி முடிச்சிட்டு, வெறும் வாளியில மூணு தட்டுத் தட்டுனாவ. செத்த நேரம் அப்படியே நின்னாவ. பொறவு இன்னொரு தட்டுத் தட்டுனாவ."

பரமசிவன், அந்த நான்காம் தட்டு இங்கே கேட்டது.

உம் வீட்டார் கொண்டுவந்த கோடி, இங்கிருந்து கொண்டுபோனதைவிட நயமான துணி. திருப்பித் தர மனமில்லை. பங்குனி உத்திரத்துக்கு நான் இதை உடுத்தி வருகிறேன். நீர் அந்தச் சல்லடைத் துணியை உடுத்தி வாரும். நாளை வியாழன் காலைக் காட்சியோடு படத்தை எடுத்துவிடுகிறார்கள். சங்கரம்மாள் பார்க்க வேண்டும் என்கிறாள். முப்பிடாதியும் இங்கேயே தங்கிவிட்டாள். முதல் பஸ்ஸில் வந்து சேரும். தபால் உமக்கு நாளை மறுநாள்தான் கிடைக்கும் என்பதால், இதை டிராக்டரிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

கழுகாசலமூர்த்தி உம்மையும் உம் இல்லத்தாரையும் நூறாண்டு வாழ வைப்பாராக. ஆனால் இனி எப்போது தலை முழுகினாலும், யாருக்கு என்று சொல்லிவிட்டு முழுகும்.